கட்டு அவிழ்ந்தது, கணக்கு வந்தது
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

இவ்வாண்டு வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் தொடக்கப் பள்ளித் தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் பணியைச் சிஸ்டர் எங்களிடம் ஒப்படைத்தார்கள். கழித்தல்தானே என்று சற்று அலட்சியமாகவே போனோம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 52-இல் 27 போக 35 என்று எழுதினாள். “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று பத்து முறை சொன்னோம். “கடனைத் திருப்பித் தர வேண்டாமா அக்கா?” என்றாள். சிரித்துவிட்டோம். பிறகு குரலையும் உயர்த்தினோம். அடுத்த வெள்ளி அவளுக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த வெள்ளியும் வயிற்றுவலி. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 2-இல் 7 போகாதென்று, அவள் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். கழிக்கத் தெரியாதவள் அல்லள். கடனாக வருவது ஏன் பத்தாக வருகிறது என்பதை நாங்கள்தாம் காட்டவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி.

ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். (துடைப்பம் இளைத்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை!) ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி, இதுதான் 52. “இதில் 27 எங்களுக்குக் கொடு” என்றோம். அவள் இரண்டு கட்டுகளை உடனே நீட்டினாள். ஏழு உதிரி வேண்டுமே! வெகுநேரம் பார்த்தாள். பின் தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தாள். பன்னிரண்டு உதிரியில் ஏழைத் தந்தாள். அவளிடம் மிஞ்சியது இரண்டு கட்டு, ஐந்து குச்சி. கடன் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

வகுத்தலுக்குப் பல்லாங்குழி உதவியது. 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. ஆட்ட முடிவில் ஒருத்தியிடம் 38, மற்றவளிடம் 32. மறு ஆட்டத்துக்குக் குழிக்கு ஐந்தாக நிரப்பும்போது, முதலாமவளுக்கு ஏழு குழியும் நிறைந்து 3 மிஞ்சும். மற்றவளுக்கு ஆறு குழிதான் நிறையும், 2 மிஞ்சும். ஈவும் மீதியும் விளையாட்டிலேயே வந்துவிட்டன. ஆனால் கூச்சல் பக்கத்து வகுப்புவரை கேட்டது!

வயிற்றுவலிக்காரி பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. கடைசி வாரம், பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, “இது நூறு. 36 கொடு” என்றோம். உதிரி ஒன்றுமில்லை. பெரிய கட்டை அவிழ்த்தாள். அதிலிருந்து சிறு கட்டு ஒன்றையும் அவிழ்த்தாள். எண்ணித் தந்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே சிலேட்டில் 64 என்று எழுதினாள்.