நாம் வென்றோம்

காரைக்குடியிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையில், ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குன்றக்குடி. தோகை விரியாத மயில் ஒன்று அமர்ந்திருப்பதுபோல் தோன்றுவதால் அவ்வூர்க் குன்றினை மயில்மலை என்பர். மலைமேல் சண்முகநாதர் கோயில் உள்ளது. அடிவாரத்தில் திருமடமும் கடைவீதியும் இருக்கின்றன. கடைவீதியின் ஓரத்தில் ஒரு தேநீர்க் கடை. அதன் முன்னே நீண்ட மரப்பலகை ஒன்று. வெயில் தாழ்ந்தபின் ஊர் முதியவர் சிலர் அப்பலகையில் வந்து அமர்வது வழக்கம். ஓய்வு பெற்றபின் யானும் அவர்களுள் ஒருவன் ஆயினேன்.

ஆனித் திங்களில் ஒரு மாலை, பேருந்து நடத்துநராய் இருந்து ஓய்வு பெற்ற நண்பர், வந்து அமரும்போதே, “இன்று என்ன நாள், தெரியுமா?” என்று வினவினார். எவரும் விடை கூறவில்லை. “ஜூன் 25! 1983ஆம் ஆண்டு இதே நாளில் அல்லவா நாம் உலகக் கோப்பையை வென்றோம்!” என்றார். அவ்வளவே, பலகையில் இருந்த அனைவரும் நாற்பது ஆண்டு இளையர் ஆயினர்.

மாணவர்களே, அந்த வெற்றியின் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆயினும் கண்டாரும் கேட்டாரும் கூடிச் சொல்லும்போது அதற்குத் தனிச் சுவை உண்டு. நடத்துநருக்கு எண்கள் மறப்பதில்லை. பயணச்சீட்டுக் கணக்குப்போல் அவர் ஒப்பிக்கத் தொடங்கினார். அவ்வாண்டிற்கு முன் நடந்த உலகக் கோப்பைப் போட்டிகள் இரண்டு. 1975இலும் 1979இலும் கோப்பையைக் கொண்டு சென்றது மேற்கிந்தியத் தீவுகள் அணி. அவ்விரு போட்டிகளிலும் சேர்த்து இந்தியா பெற்ற வெற்றி ஒன்றே. அதுவும் கிழக்கு ஆப்பிரிக்க அணியின்மீது பெற்றது. ஆதலின் 1983இல் கபில் தேவ் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். முதல் ஆட்டத்திலேயே அது மேற்கிந்தியரை 34 ஓட்டங்களில் வென்றபோதும், தற்செயல் என்றே பலர் எண்ணினர். அடுத்துச் சில நாட்களில் ஆஸ்திரேலியாவிடம் 162 ஓட்டங்களிலும், மேற்கிந்தியரிடம் 66 ஓட்டங்களிலும் தோற்றபோது, “சொன்னோம் அல்லவா!” என்று அவர்கள் மகிழ்ந்திருக்கவும் கூடும்.

இறுதி ஆட்டம் இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் திடலில் நடைபெற்றது. முதலில் ஆடிய இந்தியா 54.4 ஓவர்களில் 183 ஓட்டங்களுக்கு ஆட்டம் இழந்தது. ஓர் அணிக்கு 60 ஓவர்கள் அளிக்கப்பட்ட காலம் அது. அத்தனை ஓவர்களையும் ஆடி முடிக்கக்கூட இயலவில்லை. சென்னை இளைஞராகிய ஸ்ரீகாந்த் 38 ஓட்டங்கள் எடுத்தார். சிறு தொகைதான், ஆனால் அந்நாளில் இரு தரப்பிலும் அதனினும் மிகுதியாக எடுத்தவர் ஒருவரும் இலர். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர் அவர். ஒற்றைக் கால் முழங்காலை ஊன்றி, வேகப்பந்து வீச்சாளர் ராபர்ட்ஸின் பந்தை அவர் எல்லைக்கு விரட்டியதைச் சொல்லும்போது, எங்கள் பலசரக்குக் கடைக்காரர் தம் மூட்டுவலியையும் மறந்து பலகையைவிட்டு எழுந்து நடித்தே காட்டினார்!

கடைசியில் ஆடவந்த பல்விந்தர் சிங் சாந்துவின் தலையில் மார்ஷல் வீசிய பந்து தாக்கியது. அவர் களத்தைவிட்டு அகலவில்லை. கிர்மானியும் அவரும் கடைசி இணையாக நின்று 22 ஓட்டங்கள் சேர்த்தனர். பின்னர் அந்தச் சாந்துவே பந்து வீசி, கிரீனிட்ஜ் என்னும் பெருவீரரை ஒரே ஓட்டத்தில் வீழ்த்தினார். வெளியே செல்லும் என்று அவர் அடிக்காது விட்ட பந்து உள்ளே திரும்பிக் குச்சியைச் சாய்த்தது. ஆயினும் விவியன் ரிச்சர்ட்ஸ் வந்து 28 பந்துகளில் 33 ஓட்டங்களைக் குவித்தபோது, கோப்பை கைவிட்டுப் போயிற்று என்றே தோன்றியது. அந்நிலையில் மதன்லால் வீசிய பந்தை அவர் வானுற அடித்தார். கபில் தேவ் திரும்பிப் பின்னோக்கி நெடுந்தூரம் ஓடி, தோளைக் கடந்து இறங்கிய பந்தைக் கையில் ஏந்தினார். அப்போது மேற்கிந்தியர் எடுத்திருந்தவை 57. சிறிது பொழுதில் 76 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்ந்தன. டூஜானும் மார்ஷலும் 43 ஓட்டங்கள் சேர்த்து நம் நெஞ்சைப் பதைக்க வைத்தனர். மொகிந்தர் அமர்நாத் அமைதியாக ஓடிவந்து மெல்ல வீசி, அவ்விருவரையும் வெளியேற்றினார். இறுதி விக்கெட்டும் அவருடையதே. 140 ஓட்டங்களுக்கு எதிரணி முழுதும் அடங்கியது. இந்தியாவுக்கு 43 ஓட்டங்களில் வெற்றி.

இங்கே பலசரக்குக் கடைக்காரர் இடைமறித்தார். “அது கிடக்கட்டும். ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் தேவ் 175 அடித்தாரே, அதற்கு ஈடு உண்டா? 17 ஓட்டத்துக்கு 5 விக்கெட் போன பிறகு! என் கண்ணாலே பார்த்தேன், அண்ணே, இன்றைக்கும் கண்முன் நிற்கிறது” என்றார்.

ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் சிற்றூரில் நடந்த ஆட்டம் அது. 138 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175. இந்தியா 266 எடுத்து, 31 ஓட்டங்களில் வென்றது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆட்டம் தொலைக்காட்சிக்காகப் படம் பிடிக்கப்படவே இல்லை. உலகில் எவரிடத்தும் அதன் காட்சி இல்லை. இதனை யான் மெல்லச் சொன்னபோது நண்பரின் முகம் வாடிற்று. சற்றுநேரம் சிந்தித்து, “அப்படியானால் நான் பார்த்தது அந்தச் சினிமாவிலா?” என்றார். 2021ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் அந்த ஆட்டத்தை நடித்துக் காட்டியிருந்தனர். அதுவே அவர் உள்ளத்தில் நேரிற் கண்டதாய்ப் பதிந்துவிட்டது. அவர் பொய் உரைத்தார் என யான் கருதவில்லை. நெஞ்சுக்கு நெருங்கிய நிகழ்ச்சியை ‘காணவில்லை’ என ஒப்புவதற்கு மனம் எளிதில் இசைவதில்லை.

தேநீர்க் கடைக்காரரின் பேர்த்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. கடையின் உட்புறம் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், தலையை நீட்டி, “தாத்தா, ‘நாம் வென்றோம், நாம் வென்றோம்’ என்கிறீர்களே, ஆடியவர்கள் அவர்கள்தாமே? நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டாள்.

பலகையில் ஒரு நொடி அமைதி. வினா கூரியது, அதிலும் இலக்கணம் கற்பித்து வாழ்ந்த எனக்கு அது பெரிதும் தைத்தது. தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள்ளன அன்றோ? கேட்பவரை விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’; கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்வது ‘நாம்’. பழந்தமிழில் முன்னது ‘யாம்’ என்றிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் சொல் ஒன்றே. நம் மக்கள் இவ்வேறுபாட்டை எழுத்தறியாத காலத்தும் பிறழாது காத்தனர். சிராவயல் மஞ்சுவிரட்டினைப் பாருங்கள். பிடிபடாமல் ஓடிய காளையின் ஊரார், “எங்கள் ஊர்க் காளையை எவனும் தொடவில்லை” என்பர். அங்கே ‘நம்’ என்பது வாராது, கேட்பவன் அடுத்த ஊரான் ஆதலின். ஆனால் 1983ஆம் ஆண்டு வெற்றியைப் பேசும்போது, குன்றக்குடியானும் சிராவயலானும் முன்பின் அறியாத வடநாட்டானும் ‘நாம்’ என்ற சொல்லுக்குள் அடங்கினர். அவ்வணியிலும் சாந்து சீக்கியர், கிர்மானி முகம்மதியர், அப்போட்டியில் 18 விக்கெட்டுகள் எடுத்து அனைவரினும் முந்திய ரோஜர் பின்னி ஆங்கிலோ-இந்தியர். எவரையும் விலக்காத ‘நாம்’ அது.

ஆனால் மாணவி கேட்டது வேறு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வது இருக்கட்டும்; சொல்பவர் தம்மைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே அவள் வினா.

நடத்துநர் விடுவாரா? “கேள், அம்மா. அன்றைக்கு இந்தத் தெருவிலே தொலைக்காட்சி கிடையாது. ஒரு வானொலிப் பெட்டிதான். ஆட்டம் நடுவிலே இருக்கும்போது அது ஓய்ந்துவிட்டது. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பேட்டரிக் கட்டை வாங்கினோம். அதில் என் பங்கு எழுபத்தைந்து காசு. ஆகையால் வெற்றியிலும் எனக்கு எழுபத்தைந்து காசுப் பங்கு உண்டு” என்றார். அனைவரும் நகைத்தோம்.

அன்றிரவை யான் மறக்கவில்லை. அப்போது யான் புலவர் வகுப்பு மாணவன். வானொலியின் ஆங்கில வருணனை எங்களுள் பலர்க்குப் புரியாது. ஓர் ஆசிரியர் காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்டு, ஒவ்வொரு பந்தையும் தமிழில் சொல்லி வந்தார். அவர் முகம் மாறும். பின்னரே சொல் வரும். அந்த இடைவெளியில் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. நள்ளிரவு அணுகும் வேளையில் அவர் வாய் திறவாமல் இரு கைகளையும் உயர்த்தினார். எவரோ ஓடிச்சென்று அடிவாரத்தில் சிதறுகாய் உடைத்தார். லார்ட்ஸ் திடலில் இருந்த பதினொருவர்க்கும் குன்றக்குடியில் தேங்காய் உடைந்தது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

எழுபத்தைந்து காசுக் கணக்கு நகைப்புக்கு உரியதன்று என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. வென்று திரும்பிய வீரர்க்குத் தக்க பரிசு அளிக்கும் செல்வம் அந்நாளில் கிரிக்கெட்டு வாரியத்திடம் இல்லை. லதா மங்கேஷ்கர் தில்லியில் இசைநிகழ்ச்சி நடத்தினார். அதன் வருவாயிலிருந்தே வீரர் ஒவ்வொருவர்க்கும் ஓர் இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. அம்மையார் பாடியதும், மக்கள் சீட்டு வாங்கிக் கேட்டதும் ‘நாம்’ என்ற சொல்லுக்குச் செலுத்திய விலை எனலாம். இன்று அவ்வாரியத்தின் செல்வ நிலையை உங்களுக்கு யான் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவும் இனிமை. எனினும் ஒன்றைச் சொல்லாது விட்டால் யான் பாடம் சொல்பவன் ஆகேன். அதே 1983ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேற்கிந்திய அணி நம் நாட்டிற்கு வந்தது. ஒருநாள் ஆட்டங்கள் ஐந்து. ஐந்திலும் இந்தியா தோற்றது. டெஸ்ட் ஆட்டங்கள் ஆறு; மூன்றில் தோல்வி, மூன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தன. அகமதாபாத்தில் கபில் தேவ் ஒரே இன்னிங்ஸில் 83 ஓட்டங்கள் கொடுத்து 9 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் அந்த ஆட்டமும் தோல்வியே. பின்னோக்கி ஓடி அவர் பிடித்த பந்தினை ஊரெல்லாம் அறியும். அந்த ஒன்பது விக்கெட்டுகளை அறிவார் எத்துணைப் பேர்?

அந்நாட்களில் எங்கள் பேச்சு எவ்வாறு இருந்தது என்பதை யான் நினைவுகூர்ந்து நாணுகின்றேன். ஜூன் மாதத்தில் “நாம் வென்றோம்” என்ற அதே வாயால், நவம்பரில், “அவர்கள் தோற்றுவிட்டார்கள்” என்றோம். தன்மை, படர்க்கை ஆயிற்று! இலக்கணம் கற்றுக்கொண்டிருந்த யானே அவ்வாறுதான் சொன்னேன். வெற்றியில் எழுபத்தைந்து காசு கேட்டவர் எவரும் தோல்வியில் தம் பங்கினைக் கேட்டு வரவில்லை. இதனை அன்று மாலை பலகையில் சொன்னபோது நடத்துநர், “அதுவும் சரிதான், ஐயா” என்று மட்டும் சொல்லித் தேநீர்க் குவளையை உருட்டிக்கொண்டிருந்தார்.

மாணவி விடுவதாய் இல்லை. “ஐயா, 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பை வாங்கியதே, அன்றைக்கு இந்தப் பலகையில் என்ன பேசினீர்கள்?” என்றாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்று என்ன பேசினோம் என்பது எவர்க்கும் நினைவில்லை. பேசினோமா என்பதே ஐயம். “அந்தப் பிள்ளைகள் வென்றார்கள் என்று செய்தித்தாளில் பார்த்தேன்” என்றார் பலசரக்குக் கடைக்காரர். சொல்லி முடிக்குமுன் தாம் சொன்ன சொல் எது என்பது அவர்க்கே விளங்கிவிட்டது.

“2017இல் அவர்கள் இறுதி ஆட்டம்வரை வந்து 9 ஓட்டங்களில் இங்கிலாந்திடம் தோற்றார்கள், தாத்தா. அதே லார்ட்ஸ் திடலில்தான். நீங்கள் சொல்லும் அதே திடல்” என்று அவள் தொடர்ந்தாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கும் ஆவலே இருந்தது. ஹர்மன்பிரீத் கவுர் என்னும் அணித்தலைவியின் பெயரை நடத்துநர் இருமுறை சொல்லிப் பார்த்தார், மறவாதிருக்க.

மலைமேல் கோயில் விளக்குகள் எரியத் தொடங்கின. நடத்துநர் சற்றே நகர்ந்து பலகையில் இடம் செய்தார். “வா அம்மா, இப்படி உட்கார். அந்த ஆட்டத்தை முதலிலிருந்து சொல். யார் முதலில் ஆடினார்கள்?” என்றார். “நாம்தான், தாத்தா, 298 எடுத்தோம்” என்று அவள் தொடங்கினாள்.