புரஸ்டேற் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையும் காந்தப் பரிவுப் படமும்

முதுமையெய்திய ஆடவர் தம்முள் மறைவாகவே பேசிக்கொள்ளும் நோயொன்றைப் பற்றி விழா மலரில் எழுதப் புகுவது சிலருக்குப் பொருத்தமற்றதாய்த் தோன்றலாம். ஆயினும் இம்மலரைப் படிப்போரிற் பலர் ஐம்பதைக் கடந்த பழைய மாணவர். அவர்க்குரிய செய்தியை இங்குச் சொல்லாது வேறெங்குச் சொல்வது? இத்தகைய பொருளைத் தமிழில் எழுதல் இயலாதென்பார்க்கும் விடையுண்டு. மானிப்பாயில் வைத்தியங் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் 'இரண வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டது 1867ஆம் ஆண்டிலாகும்.

சிறுநீர்ப்பையின் அடியிலே, நேர்குடலுக்கு முன்பாக, சிறுநீர்வழியைச் சூழ்ந்திருப்பது புரஸ்டேற் சுரப்பி. 'முன்னே நிற்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயராதலின் எம் பாடநூல்கள் இதனை முன்னிற்குஞ் சுரப்பி என்றன. இளமையிற் பெரிய நெல்லிக்காயளவினதான இது, முதுமையிற் தேசிக்காயையும் விஞ்சி வளர்வதுண்டு. அவ்வளர்ச்சி பெரும்பாலும் புற்றுநோயன்று. புற்றுநோயோ தொடக்கத்தில் யாதொரு குறியுங் காட்டாதிருப்பதே வழக்கம். பத்துப் புற்றுகளில் ஏழளவில் நேர்குடலையடுத்த புறவலயத்தே தோன்றுகின்றன. சுரப்பியை மெல்லிய உறையொன்று சூழ்ந்துள்ளது. அவ்வுறையின் பின்னே இருமருங்கும் ஆணின் இல்லற ஆற்றலுக்குரிய நரம்புகள் குருதிக்கலன்களோடு கற்றையாய்ச் செல்கின்றன. கீழே சிறுநீரை அடக்குந் தசைவளையம் உண்டு. இத்தனையும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதே இச்சிகிச்சையின் இடர்ப்பாடு.

1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹியூ ஹம்ப்டன் யங் என்பார் இப்புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றினார். அதன்பின் முக்கால் நூற்றாண்டளவும் அச்சிகிச்சை பெற்றோரில் ஏறக்குறைய யாவரும் ஆண்மையிழந்தனர். சிறுநீரை அடக்கமாட்டாது துன்புற்றோரும் பலர். நரம்புகள் செல்லும் வழியைச் சரிவர அறிந்தாரிலர். அதே வைத்தியசாலையைச் சேர்ந்த பற்றிக் வோல்ஷ் 1981இல் ஒல்லாந்தின் லைடன் நகருக்குச் சென்று, ஓய்வுபெற்ற பேராசிரியர் டொங்கரோடு கூடி, இறந்து பிறந்த சிசுவின் உடலிலே அந்நரம்புகளைப் பின்தொடர்ந்து கண்டார். 1982 ஏப்ரில் 26ஆம் நாள் நரம்புகளைக் காக்கும் சத்திரசிகிச்சையை முதன்முறை திட்டமிட்டுச் செய்தார்.

ஆனால் ஒரு வினா எஞ்சியது. நரம்பைக் காக்கவேண்டின் உறையை ஒட்டி வெட்டவேண்டும். புற்று உறையைக் கடந்திருப்பின், ஒட்டி வெட்டுவது நோயின் ஒரு பகுதியை உள்ளே விட்டுவருவதாகும். எப்பக்கம் ஒட்டலாம், எப்பக்கம் விலகவேண்டும் என்பதை வெட்டுமுன் அறிவதெங்ஙனம்? விரலாற் தடவிப் பார்த்தலும், பி.எஸ்.ஏ. என்னுங் குருதிச் சோதனையும், ஊசியால் எடுத்த இழையத்தின் சோதனையுமே நெடுங்காலம் துணைநின்றன. நோய் உண்டென்பதை அவை உரைக்கும். அது எதுவரை சென்றுளது என்பதை ஓரளவே உணர்த்தும்.

அக்குறையை நிரப்ப வந்ததே காந்தப் பரிவுப் படம். மக்கள் வழக்கில் எம்.ஆர்.ஐ. ஸ்கான். போல் லோட்டர்பர் இம்முறையில் அமைந்த படத்தை 1973இல் வெளியிட்டார். அவரும் பீற்றர் மான்ஸ்பீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். உடலின் நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் வலிய காந்தத்துள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையால் அவ்வொழுங்கைக் குலைத்து, அவை மீளுங்கால் விடுக்கும் சைகைகளைக் கணினி படமாக்குகின்றது. எக்ஸ் கதிர் இதில் இல்லை. நலமான புறவலயம் நீர்ப்பாங்குடையதாகையால் வெண்மையாகத் தோன்றும். புற்று கருந்திட்டாய்த் தெரியும். மற்றொரு படம் நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கின்றது. புற்றிலே கலங்கள் நெருக்குண்டு கிடப்பதால் நீர் உலாவ இடமின்றித் தடைப்படும். வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று கோயில் வீதியில் நடக்க முயன்றோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் இப்படத்தில் எதனைத் தேடுகின்றார்? சுரப்பியின் உறையை ஒரு குளக்கட்டாகக் கொள்வோம். புற்று கட்டைத் தொடாது கிடப்பதுண்டு, கட்டின்மேல் நெடுக அணைந்து கிடப்பதுண்டு, கட்டைப் புடைக்கச் செய்வதுண்டு, உடைத்து வெளியேறுவதுமுண்டு. வலப்பக்கத்திற் புடைப்பும் இடப்பக்கத்தில் தெளிவும் காணின், வலத்தே அகல வெட்டி, இடத்தே நரம்பைக் காப்பர். சுக்கிலப் புடகத்தினுள் நோய் புகுந்திருப்பின் வெட்டலாமா என்பதே மீள ஆராயப்படும். சுரப்பிக்குக் கீழே சிறுநீர்வழியின் நீளத்தையும் அளப்பர். அது நீளமாயுள்ளோர் சிகிச்சையின்பின் சிறுநீரை அடக்கும் வலியை விரைவிற் பெறுகின்றனர். இதனை முன்னரே அறிந்த நோயாளி, அணையாடை எத்தனை மாதம் வேண்டுமோ என்று இருளில் தவியான்.

படத்தை ஊசிச் சோதனைக்கு முன்னரே எடுத்தல் நன்று. ஊசியாற் கசிந்த குருதி பல வாரங்களுக்குப் படத்தை மயக்கும். 2018இல் வெளியான, 500 பேரைக் கொண்ட 'பிரிசிஷன்' ஆய்வில், முதலிற் படமெடுத்த பிரிவினருள் 28 சதவீதத்தினர்க்கு ஊசியே வேண்டியிருக்கவில்லை. சிகிச்சை வேண்டத்தக்க புற்று அப்பிரிவில் 38 சதவீதத்தினரிடத்தும், பழைய முறையில் 26 சதவீதத்தினரிடத்தும் கண்டறியப்பட்டது.

எனினும் படத்தை முற்றும் நம்புதல் தகாது. பல ஆய்வுகளை ஒருங்குசேர்த்து 2016இல் வெளியான கணிப்பொன்றின்படி, உறையைக் கடந்த புற்றுகள் நூறில் 57ஐயே படம் காட்டியது. கடவாதவை நூறில் 91ஐக் கடவாதவையெனச் சரியாக உரைத்தது. ஆகவே 'கடந்தது' எனப் படம் கூறின் பெரிதும் கொள்ளலாம். 'கடக்கவில்லை' எனக் கூறின் ஐயத்தோடு கொள்ளல்வேண்டும். நுண்ணிய இழைபோற் கடந்ததை எக்காந்தமுங் காட்டாது. அதனாலேயே நல்ல நிபுணர் பி.எஸ்.ஏ. அளவையும் இழையச் சோதனையின் தரத்தையும் படத்தோடு ஒப்புநோக்கியே முடிவு செய்கின்றனர்.

இனி வன்னி மக்களுக்கே உரிய ஒன்று. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரில் எறிகணைத் துண்டைத் தாங்கிய உடலோடு வாழ்வோர் எம்மிடையே பலர். எறிகணையின் உறை பெரும்பாலும் உருக்கு. காந்தம் அதனை இழுக்கும். தசையில் வடுவோடு இறுகிப்போன துண்டு தீங்கு செய்யாதிருக்கலாம். கண்ணருகிலோ முண்ணாணருகிலோ குருதிக்கலன் அருகிலோ உள்ளது பேரிடர். இடுப்பிலுள்ள துண்டு இடத்தைவிட்டு அசையாதெனினும் சுரப்பியின் படத்தைச் சிதைக்கும். எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பரொருவர், இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேற் சென்று கொழும்பில் ஸ்கான் வாசலில் நின்றார். உலோகம் ஏதும் உண்டோ எனச் சிங்களத்திற் கேட்டனர். மோதிரத்தைக் கேட்கின்றனர் என எண்ணி இல்லையென்றார். உடைமாற்றும்போது தொடையின் தழும்பைக் கண்ட பணியாளர் தடுத்தார். எக்ஸ் கதிர்ப் படத்தில் மூன்று துண்டுகள் தெரிந்தன. அன்று ஸ்கான் நடைபெறவில்லை. நண்பர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார். அப்பணியாளரின் கண்ணுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். காயம்பட்ட இடங்களை எழுதி, பழைய எக்ஸ் கதிர்ப் படங்களோடு எடுத்துச் சென்றிருப்பின் அப்பயணம் வீணாகியிராது.

சிறுநீரகமும் ஈண்டுக் கருதத்தக்கது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிற் காரணந் தெரியாச் சிறுநீரக நோய் பரவிய பகுதிகள் உள. ஸ்கானின்போது ஏற்றப்படும் கடோலினிய மருந்து பழுதுற்ற சிறுநீரகத்திற்கு ஒவ்வாதாகலாம். ஆதலின் குருதியிற் கிரியற்றினின் அளவை முன்னரே பார்ப்பித்தல் வேண்டும். 2025இல் வெளிவந்த 'பிரைம்' ஆய்வில், அம்மருந்தின்றி எடுத்த படமும் மருந்தோடு எடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவிற், அதாவது நூறுபேருக்கு 29 பேரிடத்து, சிகிச்சை வேண்டத்தக்க நோயைக் கண்டறிய உதவின. நோயைக் கண்டறிதல் பற்றியதே அவ்வாய்வு. எனினும் சிறுநீரகம் நலிந்தோர்க்கு ஆறுதலான செய்தி.

நோய் கண்ட எல்லாரும் கத்திக்கு உட்படவேண்டுமென்பதுமில்லை. பிரித்தானியாவின் 'புரொட்டெக்ட்' ஆய்வில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சத்திரசிகிச்சையும், ஒரு பிரிவினர்க்குக் கதிர்ச்சிகிச்சையும் அளித்து, ஏனையோரைக் கண்காணித்து மட்டும் வந்தனர். பதினைந்து ஆண்டுகளின்பின், 2023இல் வெளியிட்ட முடிவின்படி, எப்பிரிவிலும் நூற்றுக்கு மூவரளவினரே இந்நோயால் இறந்திருந்தனர்.

வன்னி நோயாளி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தொடங்கி, யாழ்ப்பாணம், தெல்லிப்பழை, மகரகம எனப் பல வாசல் ஏறவேண்டியவராகலாம். ஒவ்வோரிடத்தும் அறிக்கைத் தாளை மட்டுமன்றிப் படங்கள் அடங்கிய இறுவட்டையும் கேட்டுப் பெற்றுக் கொள்க. வெட்டப்போகும் நிபுணர் தம் கண்ணாலேயே படத்தைக் காணவேண்டும். "டொக்டர், என்ரை படத்திலை நோய் உறையைத் தொடுதோ? எந்தப் பக்கம்?" என்று வெட்கமின்றிக் கேட்கலாம்.