மின்னிலக்கச் சொத்தில் எவருக்கு முன்னுரிமை?

பெங்களூரு அல்சூரில் ஒரு வணிகர் நகையை அடகு வைத்துக் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். நகை அடகு பிடித்தவரின் கைவசம் இருப்பதால், பிற கடனீந்தோரைவிட அவரது உரிமை முந்துகிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். அதே வணிகர் மின்வடிவப் பங்குகளை ஈடு வைப்பாராயின், கையில் எடுத்து வைத்துக்கொள்ளப் பத்திரம் ஏதுமில்லை. 1996ஆம் ஆண்டின் வைப்பகங்கள் சட்டப்படி வைப்பகத்தின் பதிவே ஈட்டுக்குச் சான்றாகிறது.

கிரிப்டோ நாணயத்தின் நிலை வேறு. இதன் இரகசியச் சாவியை வைத்திருப்பவரே அதனைப் பிறருக்கு மாற்ற வல்லவர். வாடிக்கையாளர் பலர் அச்சாவியைப் பரிமாற்ற நிறுவனத்திடமே விட்டு வைக்கின்றனர். நிறுவனம் நொடித்துப்போனால் எவர் கோரிக்கை முந்தும்?

உரிமையாளரா, கடனீந்தவரா?

ஒரு நிறுவனத்திடம் எஞ்சியுள்ளவை 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் மட்டுமே. வாடிக்கையாளரின் கோரிக்கை 60 லட்சம். ஈடு பெறாத பிற கடன்கள் 40 லட்சம் என வைத்துக்கொள்வோம். நாணயங்கள் வாடிக்கையாளருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டவையெனில், அவர்கள் முழுத் தொகையும் பெறுவர், பிறருக்கு ஒன்றுமில்லை. வாடிக்கையாளரும் வெறும் கடனீந்தோரெனில், அனைவருக்கும் ரூபாய்க்கு 60 காசு வீதமே கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் நொடிப்புநிலைச் சட்டத் தொகுப்பின் 36(4)ஆம் பிரிவு, பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் உள்ள சொத்தைக் கலைப்புச் சொத்திலிருந்து விலக்குகிறது.

நியூசிலாந்தின் கிரிப்டோபியா வழக்கில் 2020இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் முதல் கருத்தையே ஏற்றது. இந்தியாவில் 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. இழப்பை வாடிக்கையாளர் அனைவரும் விகிதப்படி ஏற்கும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்றது. ஆனால், களவு போகாத வேறு நாணயத்தை வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2025 அக்டோபரில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்தே எனவும், நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கத்தக்கது எனவும் கூறி, இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.

கட்டுப்பாடு என்னும் அளவுகோல்

ஒரே நாணயத்தை இருவரிடம் ஈடு வைத்தால் என் செய்வது? யூனிட்ராய்ட் நிறுவனம் 2023இல் வெளியிட்ட கோட்பாடுகள், சொத்தின் கட்டுப்பாட்டைப் பெற்ற கடனீந்தவர், பெறாதவரை முந்துவார் என்கின்றன. அமெரிக்காவின் சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பில் 2022இல் சேர்க்கப்பட்ட விதிகளும் இவ்வாறே அமைந்துள்ளன. அடகு பிடித்தவரின் கைவசம் நகை இருப்பதற்கு ஈடான நிலை இதுவே எனலாம்.

இந்தியா 2022இல் இச்சொத்துகளின் வருவாய்க்கு 30 சதவீத வரி விதித்தது. எனினும், வரி விதிப்பு உரிமைகளின் வரிசையைத் தீர்மானிப்பதில்லை. வாடிக்கையாளரின் சொத்தை நிறுவனத்தின் சொத்தினின்று பிரித்து வைத்தல், ஈட்டுரிமைக்குத் தெளிவான முன்னுரிமை ஆகிய இரண்டையும் சட்டமே வகுத்தல் வேண்டும். வழக்குதோறும் முடிவு தேடும் நிலையில், கடன் கொடுப்போர் தயங்குவர். சிறு சேமிப்பாளரோ தமது உரிமை எதுவென அறியாமலே இழப்பை ஏற்க நேரும்.