பழைய கிதாருக்கு நியாய விலை எது?

அமெரிக்காவின் நாசரேத் ஊரில் தயாராகும் மார்ட்டின் கிதார்களுக்கு 1898 முதல் வரிசை எண் உண்டு. ஒலித்துளைக்குள் அதைப் பார்த்து வயதை அறியலாம். விலையை அறிய நிலையையும் பார்க்க வேண்டும்.

வீணையைப் போலவே கிதாருக்கும் மெட்டும் குதிரையும் உண்டு. பன்னிரண்டாம் மெட்டில் தந்திகள் மிக உயர்ந்தும், குதிரைமேலுள்ள எலும்புத் துண்டு தேய்த்துத் தாழ்த்தப்பட்டும் இருந்தால், தந்திகளின் இழுப்பில் கழுத்து சாய்ந்துவிட்டது என்று அறிக. அதைக் கழற்றிப் பொருத்தச் செலவு அதிகம். பலகையில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். புதுப் பூச்சின் பளபளப்பில் மயங்காதீர்கள். கீறல் விழுந்திருந்தாலும் முதற்பூச்சுக்கே மதிப்பு.

நல்ல நிலையிலுள்ள அதே வகைக் கிதாரின் விலையிலிருந்து பழுதுபார்க்கும் செலவைக் கழித்தால் வருவதே நியாய விலை. விற்பவர் நாமானால், பழுதை நாமே முதலில் சொல்லிவிடுவோம். வாங்குபவர் அதை அறியாமல் கொடுக்கும் பணம் நியாயமான பணமாகாது.