கம்பெனி விருந்தில் ஹலால்

ஃபேரர் பார்க்கில் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! கம்பெனிக்காரர்கள் ஹோட்டலில் வைக்கும் விருந்துக்கு நமக்கும் அழைப்பு வருகிறது. "பன்றி இறைச்சியும் கொழுப்பும் சேர்ப்பதில்லை" என்ற அறிவிப்பைப் பார்த்துத் தட்டை நீட்டலாமா? கோழியை அறுத்த முறை என்ன, குழம்பில் மது சேர்ந்ததா என்பதற்கு அதில் விடையில்லை. மரக்கறியிலும் மது ஊற்றிச் சமைப்பவர்கள் உண்டு.

சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. அது குறிப்பிட்ட இடத்துக்கே உரியது. கீழ்த்தளத்து உணவகம் பெற்ற சான்றிதழ் மேல்மாடி விருந்துக் கூடத்தின் சமையலுக்குச் செல்லாது. ஆகவே, அழைப்பு வந்த அன்றே, சமைப்பவர் யார், அவருக்குச் சான்றிதழ் உண்டா, தவணை கடந்துவிட்டதா என்று விசாரியுங்கள். சரக்கெடுக்கும்போது துருவித் துருவிக் கேட்கிற நமக்கு இதிலென்ன கூச்சம்? ஐயத்துக்குரியதை விலக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். விடை கிடைக்காவிட்டால், விருந்தளிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் போய், மேசையில் தட்டைத் தள்ளிவைத்தால்தான் அவர் மனம் நோகும்.