குறையாத பிரேக் ஒயிலும் கெட்டுப்போகும்

ஆட்டோ வைத்திருக்கும் தம்பிமாரிடம் "பிரேக் ஒயில் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டால், "குறையவே இல்லையே ஐயா" என்பார்கள். குறையாவிட்டாலும் அது பழசாகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம்ம மலைப்பக்கத்து மழையையும் மூட்டத்தையும் சொல்லவா வேண்டும்!

டொட் 3 வகை புதிய ஒயில் 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்காது. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையளவிலேயே கொதித்துவிடலாம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு, பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அவ்வளவு சூடு ஏறக்கூடும். கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதிக்கிற பலமெல்லாம் குமிழை நசுக்கவே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பெடல் பழையபடி வந்துவிடும். "சரியாயிருச்சு" என்று நம்பி, மறுநாளும் அதே வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். இதுதான் எனக்குப் பயம்.

பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஒயிலை முழுதாக எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். மேலே கொஞ்சம் ஊத்தினா போதாது. ஈரம் ஏறிய ஒயில் குழாயிலும் வீல் சிலிண்டரிலும் அப்படியே நிற்கும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடி, தெளிவான ஒயில் வரும்வரை எடுப்பார். இடையில் டேங்கி காலியானால் காற்றுப் புகுந்துவிடும். ஆகவே கராஜ் பாஸிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. சீல் உடைக்காத டின்னைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் ஒயிலை ஊத்தவே கூடாது, றப்பர் ஊதிப்போகும்.

எடுத்த பழைய ஒயிலைப் பீலிக்கரையில் கொட்டாமல் போத்தலில் பிடித்துக் கராஜிலேயே கொடுத்துவிடுங்கள்.