1,42,000 கிலோமீட்டர் ஓடிய பிஎம்டபிள்யூ: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி:

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். தோட்டத்துக்குள் ஓட ஜீப் உண்டு. புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்குப் போய்வரவும், மாதம் ஒருமுறை பாலக்காட்டில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டுக்குப் போய்வரவும் ஒரு கார் வேண்டும். நல்ல வேகமுள்ள பெரிய வண்டி ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூடக் காலத்து ஆசை.

பாலக்காட்டில் 2018 மாடல் பிஎம்டபிள்யூ 530டி எம் ஸ்போர்ட் ஒன்று 24 லட்சத்துக்கு வருகிறது. ஒரே ஓனர், கேஎல்-09 பதிவு. வாரம் இரண்டு முறை கொச்சிக்குப் போய்வந்தவராம். 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதே புரோக்கர் டெல்லி பதிவில் 2015 மாடல் 530டி ஒன்றை 14 லட்சத்துக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். அது 58,000 கி.மீ.தான் ஓடியதாம். அப்பாவோ, “இந்தக் காசுக்குப் புது வண்டியே வருமே, யாரோ ஓட்டித் தேய்த்ததை எதுக்குப்பா?” என்கிறார். எதை வாங்கலாம்?

– வாசகர், வண்டன்மேடு

பதில்:

டெல்லி வண்டியை விட்டுவிடுங்கள். பாலக்காட்டு வண்டியை, நான் சொல்லும் சோதனைகளில் தேறினால் வாங்குங்கள். மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்த 1,42,000 அல்ல, வண்டன்மேடு என்ற ஊர்ப்பெயர்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பாலக்காடு – கொச்சி நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் ஓடிய வண்டி என்று வைத்தால், 1,42,000 கி.மீ. ஓட இன்ஜின் சுமார் 2,370 மணி நேரம் சுற்றியிருக்கும். நகர நெரிசலில் சராசரி 18 கி.மீ. வேகத்தில் ஊர்ந்த வண்டி வெறும் 50,000 கி.மீ. ஓடவே 2,770 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதிகம் உழைத்தது இரண்டாவது வண்டியின் இன்ஜின்தான். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆன தடவைகளும், பிரேக் மிதித்த தடவைகளும், கியர் மாறிய தடவைகளும் அதில்தான் அதிகம். இந்த 530டி-யில் இருப்பது பி57 என்ற ஆறு சிலிண்டர் 3 லிட்டர் டீசல்: 265 குதிரைத்திறன், 620 நியூட்டன் மீட்டர் டார்க். இவ்வளவு டார்க் உள்ள இன்ஜின் நெடுஞ்சாலையில் பெரும்பாலும் குறைந்த சுற்றிலேயே அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 கி.மீ., வெளிச்சாலை, ஒரே கை. பழைய வண்டியில் இதைவிட நல்ல வரலாறு அபூர்வம்.

ஆனால் அந்த வரலாறு வாய்ச்சொல்லாக இருக்கக்கூடாது, காகிதத்தில் இருக்க வேண்டும். ஓனரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இதுவரை நடந்த எல்லா வேலைகளின் பதிவையும் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். எண் ஏறுமுகமாகவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரைக் குறைப்பவர்கள் டேஷ்போர்டில் தெரியும் எண்ணை மாற்றுவார்கள். இந்தக் கார்களில் ஓடிய தூரம் வேறு சில கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் பதிவாகிறது. கம்பெனியின் ஸ்கேனரை மாட்டினால் முரண் வெளியே வந்துவிடும்.

அந்தப் பதிவில் நான் முதலில் தேடுவது கியர்பாக்ஸ் எண்ணெய். இதில் உள்ளது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ஆயுளுக்கும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று கார் கம்பெனி சொல்லிவந்தது. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர் பேச்சைத்தான் கேட்பேன். எண்ணெயோடு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டும் மாற வேண்டும், ஃபில்டர் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. இந்த வேலை நடந்த பில் இருந்தால், அந்த ஓனர் மற்றதையும் கவனித்திருப்பார் என்று நம்பலாம். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

இரண்டாவது, ஈஜிஆர் கூலர். புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம் இது. இதில் கூலன்ட் கசிந்து கரியோடு சேர்ந்து தீப்பிடித்ததால், 2018-இல் தென் கொரியாவில் தொடங்கி உலக அளவில் 16 லட்சம் டீசல் கார்களை பிஎம்டபிள்யூ திரும்ப அழைத்தது. இந்த சேஸிஸ் எண் அதில் வருகிறதா, வந்தால் வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்குங்கள். டைமிங் செயின் இந்த இன்ஜினில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அங்கே கோளாறு வந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் கைவைக்க முடியாது. அதனால், இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே முதல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் வருவதற்கு முன் வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகளுக்குப் பின்பக்கமிருந்து சங்கிலி உரசும் சத்தம் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்க வாளையார் நெடுஞ்சாலைக்குத்தான் எல்லாரும் கூட்டிப்போவார்கள். அந்த நான்குவழிச் சாலையில் எந்த 530டி-யும் அருமையாகத்தான் ஓடும். நீங்கள் நென்மாறை வழியாகப் போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி மலையில் ஏற்றுங்கள். வண்டி உங்களிடம் வந்தால் கம்பம்மெட்டு ஏற்றத்திலும் போடிமெட்டு வளைவுகளிலும் தானே ஓடப்போகிறது? ஏறும்போது இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு இடையில் உதறல் இருக்கிறதா, கூலன்ட்டின் இனிப்பு வாடை அடிக்கிறதா என்று கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரப் பக்கம் ‘டொக்’ என்று கேட்டால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ் போயிருக்கும். அது சரிசெய்யக்கூடியதுதான், விலையில் பேசலாம். இறங்கும்போது கியரை மேனுவலில் போட்டு இன்ஜின் பிடியில் இறக்குங்கள். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதென்றால் டிஸ்க் கோணியிருக்கிறது. மேலே போனதும் இன்ஜினை நிறுத்தி, இருபது நிமிடம் விட்டு, அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியவை கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வருவதுண்டு. எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். டிக்கி விரிப்பைத் தூக்கி மூலைகளில் வண்டல் இருக்கிறதா என்று தடவுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள ஒயர் முனைகள் பச்சை பூத்திருந்தால் பேச்சே வேண்டாம். இவ்வளவு மின்னணுப் பெட்டிகள் உள்ள காரில் தண்ணீர் புகுந்தால், எந்தக் கோளாறு எப்போது தலைதூக்கும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

வேக வண்டிகளில் இன்னொரு சங்கதி உண்டு. இன்ஜின் கம்ப்யூட்டரில் ரீமேப் செய்து சக்தியைக் கூட்டியிருப்பார்கள், சைலன்சரை மாற்றியிருப்பார்கள். அதனால் கியர்பாக்ஸுக்கும் டர்போவுக்கும் தேய்மானம் கூடும். சட்டமும் துணை நிற்காது. கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். ஒரிஜினலாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

டெல்லி வண்டிக்கு வருகிறேன். தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் கார்கள் ஓடக்கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. பின்னால் தளர்வுகள் வந்தாலும், அந்தப் பயத்தில்தான் அங்குள்ள பெரிய டீசல் கார்கள் தெற்கே மலிவாக வருகின்றன. மலிவு கேரள எல்லை வரைக்கும்தான். தடையில்லாச் சான்று வாங்கிவந்து இங்கே மறுபதிவு செய்யும்போது மாநில வரி கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த 14 லட்சத்தை வைத்து அல்ல, வண்டி புதிதாக வந்தபோது இருந்த விலையை வைத்து, வயதுக்கேற்பக் குறைத்த விகிதத்தில் அதைப் போடுவார்கள். இந்த விலைக் கார்களுக்குக் கேரளத்தில் முழு வரி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பதிவின் ஆயுளும் 15 ஆண்டுதான், 2015 வண்டிக்கு அதில் பெரும்பகுதி போய்விட்டது. 58,000 கி.மீ. என்பது உண்மையாகவே இருந்தாலும் அது டெல்லி நெரிசலின் 58,000. மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலப் பதிவு என்றாலே இங்கே இப்போது உற்றுப் பார்க்கிறார்கள். 2017-இல் புதுச்சேரி முகவரியில் பதிவான சொகுசு கார்கள் பெரிய வழக்காயின. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த கார்களைத் தேடி ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சுங்கத்துறை கேரளம் முழுக்கச் சோதனை நடத்தியது. நேர்மையாக வாங்கியவரும் இத்தகைய விசாரணையில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய நேரும்.

கேஎல்-09 வண்டியில் இந்தத் தலைவலி இல்லை. என்றாலும் ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் உங்களிடம் பணம் வாங்குபவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களைப் புரோக்கர் வைத்திருக்கிறார் என்றால், நடுவில் எத்தனை கை மாறியது என்பது யாருக்கும் தெரியாது. வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, கேமரா அபராதங்கள் பாக்கி உண்டா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் கேமராக்கள் வழியாக அபராதம் போடத் தொடங்கினார்கள். வாரம் இரண்டு முறை கொச்சி போனவருக்கு ஏதாவது சேர்ந்திருக்கலாம்.

இனி வண்டன்மேடு. அங்கிருந்து கொச்சி சர்வீஸ் சென்டருக்கு மலையிறங்கிப் போக நாலைந்து மணி நேரம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உள்ளூர்ப் பட்டறையில் திறந்து பார்க்கும் ரகமல்ல இது. டிரக்கில் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 150 மில்லிமீட்டருக்கும் குறைவு. மழைக்காலத்தில் மண் சரிந்த சாலையில் ஜீப் போகும் இடத்துக்கு இது வராது. ரன்-ஃப்ளாட் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் கட்டப்பனையில் அதே அளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான்கும் மாற்ற ஒரு லட்சத்தைத் தாண்டும்.

உங்களிடம் ஜீப் இருப்பதும், அக்கா பாலக்காட்டில் இருப்பதும்தான் இந்த வண்டியைச் சாத்தியமாக்குகின்றன. கம்பம்மெட்டில் இறங்கி, கம்பம், தேனி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போகும் அந்தச் சமவெளிச் சாலை இந்தக் காருக்காகவே போட்டதுபோல இருக்கும். அக்கா வீட்டிலிருந்து கோவை சுமார் 50 கி.மீ.தான். சர்வீஸை அந்த மாதப் பயணத்தோடு சேர்த்து அங்கே முடித்துவிடுங்கள், இன்ஜின் எண்ணெயை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். புற்றடிக்குத் தினசரி போய்வர ஜீப்பையே எடுங்கள்.

அப்பாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 24 லட்சத்துக்கு வாரண்டியோடு நல்ல புது வண்டி வரும், ஐந்து வருடம் கவலையில்லாமல் ஓடும். இந்த 530டி புதிதில் அறுபது லட்சத்துக்கு மேல். விலை இறங்கியிருக்கிறது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. ஆகவே வாங்கும் விலைக்கு மேல் ஐந்து லட்சம் வங்கியில் தனியாகக் கிடக்க வேண்டும். ஏலக்காய் விலை விழுந்த வருடத்திலும் அதைத் தொடாமல் வைக்க முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால், அவர் சொல்லும் புது வண்டியை வாங்குங்கள். கடன் போட்டு மட்டும் இதை வாங்க வேண்டாம்.

விலை 24 என்பது கேட்கும் விலை. கியர்பாக்ஸ் பில்லும் நல்ல டயர்களும் இருந்தால் 22-க்கு முடிக்கப் பாருங்கள், இல்லாவிட்டால் 20-இல் தொடங்குங்கள். சர்வீஸ் சென்டர் சோதனைக்கு நீங்களே காசு கட்டி, அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ். சோதனைக்கு விட ஓனர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.